கைதவறி விழுந்த காசு

நான் ஒரு மேஜிக்காரி. பகலெல்லாம் அரசு அலுவலகத்தில் ஃபைல் தள்ளுகிறவள், சனி ஞாயிறுகளில் பள்ளிக்கூடங்களிலும் கோயில் உற்சவங்களிலும் வித்தை காட்டுகிறேன். பழவங்காடியில் எங்கள் தெருவில் இதைப் பற்றி ஆளாளுக்கு ஒரு பேச்சு உண்டு. பேசட்டும். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஓசியில் கூப்பிடுவதும் அதே வாய்தான்.

நிகழ்ச்சியில் எனக்கு அதிகக் கைதட்டல் வாங்கித் தருவது ஒரு கதை. ஹிட்லர் காலத்து வதைமுகாம்களில் அடைபட்ட யூத மேஜிக்காரர்களைப் பற்றிப் படித்துப் படித்து நானே கட்டியது; அப்படி ஒருவரின் கதை. சாப்பாடு கிடையாது, குடும்பம் எங்கே என்று தெரியாது. கையில் மிச்சம் ஒரு துண்டுக் கயிறும் ஒரு காசும். காவல்காரர்களுக்குப் பொழுது போகாவிட்டால் அந்த மனிதரைக் கூப்பிடுவார்கள். வித்தை காட்டுகிறவரைக்கும் உயிர். நான் கயிற்றை வெட்டி மறுபடி ஒன்றாக்கிவிட்டு, "துப்பாக்கி வைத்திருந்தவனை வெறும் விரலால் முட்டாளாக்கினார்!" என்பேன். அரங்கம் அதிரும். எனக்கே மெய்சிலிர்க்கும், ஏதோ நானே அங்கே நின்று ஜெயித்துவிட்டு வந்த மாதிரி.

போன மழைக்காலத்தில் பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி. மத்தியானம் முடித்துவிட்டு நானும் கணவரும் காரில் மலையிறங்கினோம். கல்லாறில் ஆற்றோரக் கடையில் டீ குடித்தோம். கிளம்பும்போது ரிவர்ஸ் எடுத்தவர், பின்னால் நின்ற பைக்கை லேசாகத் தட்டிவிட்டார். பைக் சரிந்தது. ஆற்றுப் பக்கமிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள். நல்ல குடி. அதில் தடியாக இருந்தவன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கார் சாவியை உருவிக்கொண்டான். பைக் அவனுடையதாம்.

"இறங்கெடோ" என்றான் மலையாளத்தில்.

கணவர் இறங்கினார். "தெரியாம பட்டுட்டு, தம்பி. என்ன ரிப்பேர்னாலும் நான் செஞ்சு தாறேன்."

"தம்பியோ? ஞான் தன்றெ தம்பியோ?" சட்டைக் காலரைச் சேர்த்துப் பிடித்தான்.

கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. "விடுங்க, ஹார்ட் பேஷன்ட் அவரு!" என்று கத்தினேன். போனை எடுத்தேன்.

"அது அகத்து வை, சேச்சி." மெதுவாகத்தான் சொன்னான். கத்தியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். போனைக் கைப்பைக்குள் போட்டேன். டீக்கடைக்காரர் கழுவின கிளாஸையே திரும்பக் கழுவ ஆரம்பித்தார்.

கூட்டாளி ஒருவன் டிக்கியைத் திறந்து என் வர்ணப் பெட்டியைப் பார்த்துவிட்டான். "அண்ணா, இது மேஜிக் சேச்சியாணு!"

தடியன் முகம் மலர்ந்தது. "ஆஹா! ஒண்ணு காணிக்கு. கண்டுட்டு சாவி தராம்." காலரை மட்டும் விடவில்லை.

காசு வித்தையைக் காட்டினேன். காசு மறைந்தது. விசிலடித்தார்கள். "ஒண்ணு கூடி" என்றான்; இன்னும் ஒன்று வேண்டுமாம். கயிறு. "ஒண்ணு கூடி." சீட்டு. பிறகு மறுபடியும் காசையே கேட்டான். ஒரே கூட்டத்துக்கு ஒரே வித்தையை இரண்டாம் முறை காட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்ல? அவன் என் விரலையே முறைத்துக்கொண்டு, இந்தக் கை, அந்தக் கை என்று சொல்லிச் சொல்லித் தோற்றான். "சேச்சி அண்ணனைப் பற்றிச்சே! ஏமாத்திட்டாங்களே!" என்று கூட்டாளிகள் மலையாளம், தமிழ் இரண்டு பாஷையிலும் கேலி செய்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க, காலரில் அவன் முஷ்டி இறுகியது. கணவர் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடையில் நான் சொல்வது சுத்த அபத்தம். கூட்டாளிகள் முன்னால் தன்னை முட்டாளாக்குகிறவனை எந்தத் துப்பாக்கிக்காரன் உயிரோடு விடுவான்? முகாமில் அந்த மனிதர் தன் விரலையா கவனித்திருப்பார்? காவல்காரன் முகத்தைத்தான் பார்த்திருப்பார். இன்றைக்கு இவன் எவ்வளவு ஆச்சரியத்தைத் தாங்குவான், எந்த இடத்தில் சிரிப்பு நின்றுபோகும் என்று. வித்தை கொஞ்சம் கூடுதலாக நன்றாக அமைந்தாலும் போச்சு. அவரும் நானும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சொன்னால் என் நாக்கு அழுகும். எனக்குத் திரும்பிப் போக ஒரு ரோடு இருந்தது, வீடு இருந்தது. அவருக்கு முள்வேலி, நாளைக்கும் அதே காவல்காரன்.

காசை எடுத்தேன். இடது கையில் போடுவது போலப் போட்டு, வலது கையில் ஒளித்தேன். அவன் குனிந்தான். காசை நழுவ விடப் பார்த்தேன். விரல் திறக்க மாட்டேன் என்கிறது! இத்தனை வருடப் பழக்கம், சனியன், பிடித்துக்கொண்டே இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு விரித்தேன். காசு சரளைக்கல்லில் விழுந்து உருண்டது.

"பிடிச்சே! ஞான் பிடிச்சே! எடி கள்ளீ!" குழந்தை மாதிரி குதித்தான். காலரை விட்டுவிட்டான். கூட்டாளிகள் இப்போது அவனுக்குக் கைதட்டினார்கள். சாவியை என் கையில் வைத்து, கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். "சாரமில்ல, பரவால்ல சேச்சி. நல்லா பிராக்டிஸ் செய்யணும், கேட்டோ?"

நான் கைகூப்பினேன். "ரொம்ப நன்றி, சார்."

வண்டியை நானே எடுத்தேன். கணவர் கசங்கின காலரை நீவிவிட்டுக்கொண்டார். "நல்ல காலம்ட்டி, உனக்குக் கை தவறிச்சு. இல்லேன்னா விட்டிருக்க மாட்டான்."

"ஆமா" என்றேன்.

அந்தத் தடியனை அதன் பிறகு நான் திட்டாத திட்டு கிடையாது. எனக்குத் தெரிந்த இரண்டு பாஷையிலும் திட்டித் தீர்த்துவிட்டேன். அதில் பயம் போகவில்லை. பயமே அவனைப் பற்றியது இல்லை. கைகூப்பி நின்றேனே, அப்போது நான் நடிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்து, எவ்வளவு நல்ல மனிதன், சாவியைக் கொடுத்துவிட்டானே என்று நெஞ்சு நிறைய நினைத்தேன். அப்படி ஆகிப்போக அரை மணி நேரம் போதுமாக இருந்தது எனக்கு. அந்த முகாமில் அவர் எத்தனை மாலை இப்படிக் கைகட்டி நின்று நன்றி சொல்லியிருப்பார், அதில் எத்தனை மாலை அது நிஜமாக இருந்திருக்கும் என்ற நினைப்புதான் என் பயம்.