பாலை விட்ட உபதேசியார்

எங்கள் உபதேசியார் எலியேசர் இத்தனை வருஷ ஊழியத்தில் சம்பாதித்தது மூன்று: ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல், பாடிப் பாடிக் கம்மிப்போன குரல், சொன்ன பேச்சைக் கேட்காத ஒரு வயிறு. மூன்றில் வயிறுதான் அவரை அதிகம் படுத்தியது.

எங்கள் சபை ராஜபாளையத்தின் மேற்கோரம், அய்யனார் கோவிலுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. பாதிரி ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் சாவு, காய்ச்சல், பரீட்சை, மாமியார் மருமகள் சண்டை என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிறவர் உபதேசியார்தான். ஓடுகிற வீட்டிலெல்லாம் டீ கொடுப்பார்கள். உபதேசியார் குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்காரிக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது. ஆகவே குடிப்பார். சாயங்காலம் ஆறு வீடு என்றால் ஆறு டீ.

ஆறாவது வீட்டில் வயிறு கலக்கும். அதனால் அவருடைய ஜெபம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆவிக்குரிய முதிர்ச்சி என்று சிலர் அதை மெச்சிக்கொண்டார்கள். எந்தத் தெருவில் யார் வீட்டுக் கக்கூஸ் முன்பக்கம் இருக்கிறது என்பது அவருக்கு வேத வசனம் போல மனப்பாடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊழியர் கூட்டம் என்றால் பஸ்ஸில் அரைமணி நேரம்தான். அதற்கும் காலையில் பச்சைத் தண்ணீர் படாமல்தான் கிளம்புவார். அறுபதை நெருங்குகிற மனிதர் ஒவ்வொரு நாளும் இப்படிக் கணக்குப் போட்டுப் போட்டுக் களைத்துப் போயிருந்தார்.

கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் மகள் ரெனிட்டாதான் போனில் சொன்னாள்.

"அப்பா, ஒரு மாசம் பாலை அடியோட விட்டுப் பாருங்க. டீ, காப்பி, தயிரு, மோரு ஒண்ணும் கூடாது. வயிறு சரியாச்சுன்னா பால்தான் காரணம். ஆகலைன்னா டாக்டர்ட்ட போவோம்."

உபதேசியாரின் மனைவி ஏசம்மாளுக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவள் தம்பி செல்வின் அங்கே ஒரு பால்கோவா கடையில் அடுப்படியில் நின்று கிண்டுகிறவன்.

"எங்க ஊருப் பக்கம் வந்து இதச் சொல்லிராதீங்க," என்றாள் ஏசம்மாள். "பொண்ணு எடுத்த ஊருல பால் ஆகாதுன்னு சொன்னா அவிய என்ன நெனைப்பாவ?"

விட்டார். முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. இரண்டாவது வாரம் வயிறு அடங்கியது. வீட்டுக்குள்ளேயே இருந்த சண்டைக்காரக் குடித்தனக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போனது போல இருந்ததாம் அவருக்கு. மாசம் முடிந்தும் பாலைத் தொடவில்லை. ஜெபம் கொஞ்சம் நீண்டது.

ஆனால் வயிற்று நோயைவிடப் பெரிய நோவாகிவிட்டது, அதை ஊருக்கு விளக்குவது. "சுகராய்யா?" என்றார்கள். இல்லை. "லெந்து நாள்தான் முடிஞ்சிருச்சே, இப்ப எதுக்கு உபவாசம்?" உபவாசம் இல்லை. "பால்தான ஆகாது, மோரு குடிக்கலாம்லா?" மோரும் பால்தான். "ஆட்டுப்பால்?" அதுவும்தான். "எங்க வீட்டுப் பால் கறந்த பால்யா, பாக்கெட்டு இல்ல, ஒண்ணும் செய்யாது." ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குடலைப் பற்றிப் பேசிவிட்டு உடனே ஜெபத்துக்குத் தாவுவது லேசான காரியமா? மனிதர் பேசிப் பேசி ஓய்ந்து போனார்.

இப்போது பெத்தம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் தண்ணீர் டேங்க் தெருக்காரர்கள் என்று சில குடும்பங்கள் உண்டு. நகராட்சியில் துப்புரவு வேலை. வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். எலியேசர் இங்கே வந்த புதிதில் சபையிலிருந்து ஒருத்தரும் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. பெத்தம்மாளின் புருஷன் காய்ச்சலில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு இவர் போனார். பாயில் உட்கார்ந்து, அவர்கள் தம்ளரில், தெரு முழுக்கப் பார்க்க டீ குடித்தார். அதற்குப் பிறகுதான் அந்தத் தெரு கோயிலுக்கு வந்தது. பிரசங்கத்தைக் கேட்டு வரவில்லை, அந்த டீயைப் பார்த்து வந்தார்கள். வந்து கடைசி இரண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷமாக அதே கடைசி இரண்டு பெஞ்சுதான். முன்னால் வாருங்கள் என்று நாங்களும் கூப்பிட்டதில்லை.

அன்று சாயங்காலம் பெத்தம்மாள் வீடு அவருக்கு ஐந்தாவது வீடு. நான்கு வீட்டில் பாலைப் பற்றி விளக்கியாகிவிட்டது. பெத்தம்மாள் தம்ளரோடு வந்து நின்றபோது அவருக்கு வாயைத் திறக்கவே தெம்பில்லை.

"வேண்டாம்மா. இப்பத்தான் குடிச்சேன்," என்றார்.

பெத்தம்மாள் தம்ளரை உள்ளே கொண்டுபோய்விட்டாள். ஜெபம் பண்ணிவிட்டு வந்துவிட்டார்.

அதற்கு அடுத்ததாகப் போனது பொன்னுராஜ் அண்ணாச்சி வீட்டுக்கு. அண்ணாச்சி மில்லில் ரிட்டயர் ஆனவர், சபைக் கமிட்டியில் பெரிய தலை. சபையின் அசன விருந்துக்கு அரிசி, கறி யார் யார் பொறுப்பு என்று பேசக் கூப்பிட்டிருந்தார். அண்ணாச்சியின் வீட்டம்மா தங்கபாய்க்கு உபதேசியாரின் வயிற்று விவகாரம் ஏற்கெனவே தெரியும். கருப்பட்டி போட்ட கடுங்காப்பியும் முறுக்கும் தயாராக வைத்திருந்தாள். நொந்து போயிருந்த மனிதர் இரண்டு தம்ளர் வாங்கி ரசித்துக் குடித்தார்.

கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் சத்யப்பிரியா, பெத்தம்மாளின் மருமகள். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு தம்ளர் உண்டு, அது கொல்லைச் சுவரின் மேல் தனியாகக் கவிழ்ந்திருக்கும். எங்கள் சபையில் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். எங்கள் தம்ளர்கள்தான் இன்னும் பெறவில்லை.

அவள் ராத்திரி வீட்டுக்குப் போனதும் மாமியார் உபதேசியார் குடிக்காமல் போனதைச் சொல்லியிருக்கிறாள். மருமகள் தான் கண்டதைச் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி இரண்டு பெஞ்சும் காலி. திருவிழாச் சமயம், டியூட்டி இருக்கும் என்று உபதேசியார் நினைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறும் காலி. பிரசங்கம் பண்ணும்போது கண் அங்கேயேதான் போனது. பாதியில் வசனம் மறந்துவிட்டது. வழியில் பார்த்த சத்யப்பிரியாவை நிறுத்திக் கேட்டார்.

"எங்க அத்தைட்டயே கேட்டுக்கிடுங்கய்யா," என்று நிமிர்ந்து பார்க்காமல் போய்விட்டாள்.

தான் என்ன சொன்னோம், அதற்குப் பிறகு எங்கே போய் என்ன குடித்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு ஒன்றோடொன்று சேர்ந்து புரிந்தது. நேரே வண்டியைத் திருப்பினார்.

பெத்தம்மாள் டியூட்டி முடிந்து வந்து தலை முழுகியிருந்தாள். நாற்காலியை எடுத்துப் போட்டாள். வேறு எதுவும் வரவில்லை. அந்த வீட்டில் அவருக்கு முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர்கூட வராத முதல் நாள் அது.

"ஏம்மா கோயிலுக்கு வரல?"

"வயிறு சரியில்லய்யா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு நெசமாவே வயிறு சரியில்ல பெத்தம்மா. பால் ஆகல. அதான் அன்னைக்கு..." என்று இழுத்தார்.

"இந்த வீட்டுல குடிக்காதவிய அம்புட்டுப் பேருக்கும் வயிறுதான்யா சரியில்ல. இல்லன்னா இப்பத்தான் குடிச்சிருப்பாவ. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தாலும் சரி, சாவுத் துட்டிக்கு வந்தாலும் சரி, இதே ரெண்டு பேச்சுதான். எங்க மாமனாரு காலத்துலருந்து கேக்கோம். நீங்க ஒருத்தர் அதச் சொன்னதில்ல. நீங்களும் சொல்லிட்டீங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். மகள் நர்ஸ், ஒரு மாசம் விட்டுப் பார்த்தேன், அங்கே குடித்தது பால் இல்லாத காப்பி என்று சொல்ல நிறைய இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு நினைத்துப் பார்த்தால் அந்த உண்மைக்கும் மற்றவர்களின் பொய்க்கும் ஒரே முகமாக இருந்தது.

"டீ போடும்மா," என்றார்.

"வேண்டாம்யா. வம்படியா ஒண்ணும் குடிக்க வேண்டாம்."

"போடும்மா. குடிக்காமப் போக மாட்டேன்."

பெத்தம்மாள் போட்டாள். கோபத்திலோ என்னவோ, ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத பாலில் போட்டாள். அவர் குடித்தார். இன்னொரு தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். தெருவில் போன இரண்டு மூன்று பேர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். உட்கார்ந்து பேரன் படிப்பு, காண்டிராக்ட் வேலை, முழங்கால் வலி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு பழையபடி ஓடவில்லை. அவள் ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் சொன்னாள்.

கடைசியில் எழுந்து ஜெபம் பண்ண ஆரம்பித்தார். "இரக்கமுள்ள பிதாவே, இந்த வீட்டை..." என்றதும் வயிறு கடகடவென்று உருண்டது. பெத்தம்மாள் ஒரு கண்ணைத் திறந்தாள். அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

"ஆமென்," என்றார் பாதியில். "பெத்தம்மா, கக்கூஸ் எங்க இருக்கு?"

கொல்லையில் தகரக் கதவு போட்ட கக்கூஸ். தகரம் எந்தச் சத்தத்தையும் மறைக்காது. வெகுநேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது பெத்தம்மாள் ஒரு வாளித் தண்ணீரும் விளக்குமாறும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க தள்ளுங்கய்யா, நான் ஊத்திக்கிடுதேன்."

அவர் வாளியையும் விளக்குமாற்றையும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வந்தார். ஊரார் கழிவையெல்லாம் அள்ளிவிட்டு வீடு வந்தவள், தன்னுடையதையும் கழுவ வேண்டாம் என்று அவருக்கு இருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. பெத்தம்மாள் உள்ளே போய் உப்புப் போட்டு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நெசமாத்தான் ஆகலையா?"

"ஆகல."

"அன்னைக்கே சொல்லியிருந்தா என்னய்யா? கடுங்காப்பி எங்களுக்குப் போடத் தெரியாதா?"

"வீடு வீடாச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சும்மா."

பெத்தம்மாள் அவருக்குப் பக்கத்தில் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"எங்களுக்கும்தான்யா," என்றாள். "கேட்டுக் கேட்டு."

அந்த ஞாயிறு பெத்தம்மாளும் சத்யப்பிரியாவும் வந்தார்கள். பெஞ்சில் அவர்கள் இரண்டு பேர்தான். மற்ற வீட்டுக்காரர்கள் இன்னும் வரவில்லை. உபதேசியாரின் வயிற்றுச் சத்தத்தைப் பெத்தம்மாள் கேட்டாள், அவர்கள் கேட்கவில்லையே.

இப்போது உபதேசியார் சாயங்காலமானால் தண்ணீர் டேங்க் தெருவுக்குப் போகிறார். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அதற்கு மேல் அவருக்கு முடியாது. கடுங்காப்பி கேட்பதில்லை, விளக்கம் சொல்வதில்லை. கொடுக்கிற டீயைத் தெரு பார்க்கக் குடித்துவிட்டு, வண்டியை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறார். ஏசம்மாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள்.

"இன்னும் எத்தன வீடுங்க? ஒடம்பு என்னத்துக்காகும்?" என்று நேற்றும் சண்டை போட்டிருக்கிறாள்.

"வயிறுதான ஏசம்மா," என்றாராம். "அது ரெண்டு நாள்ல ஆறிரும்."