லயத்துச் சுவரில் ஒரு மரம்

கண்டியில் நான் நடத்தும் ஓவிய வகுப்பில், ஏதாவதொரு சொரசொரப்பான பொருளின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து வரச் சொன்னேன். அப்படித் தேய்த்தால் பழைய பலகைகூட விசித்திர மிருகமாகத் தெரியும். மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடொன்றிலிருந்து வரும் செல்வி, இலையில்லாத பெரிய மரமொன்றைக் கொண்டுவந்தார். எல்லோரும் கைதட்டினோம்.

"எதுல தேய்ச்சீங்க?"

"எங்க லயத்துச் செவுருங்க டீச்சர். சின்ன வெடிப்பாத்தான் இருந்துச்சு. இந்த மழையில இப்படிக் கெளை விட்டிருச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது; மலைச்சரிவில் சுவர் வெடிப்பு மழையில் இப்படிப் பரவினால், மண் சரியப்போகிறது என்று அர்த்தம். "வீட்டுல யாரு?"

"அம்மாவும் புள்ளயும்."

"உடனே வெளிய வரச் சொல்லுங்க!"

செல்வி வீட்டுக்குப் போன் செய்தார். சொன்னதும் இருவரும் வீட்டைவிட்டுக் கிளம்பிக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அன்று மாலையே லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து, அந்தச் சுவர் விழுந்தது.

அந்தப் படம் என்னிடம்தான் இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அதில் எனக்கு மரம் தெரிவதில்லை.