உள்மடிப்பில் ஒரு கறுப்புத் தையல்

வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்கு அஸ்மத்துன்னிசாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த கல்யாண ரவிக்கை அது. மாம்பழ மஞ்சள் பட்டு. கொக்கி வைத்தாகிவிட்டது, கை மடித்தாகிவிட்டது. கடைசியாகக் கறுப்பு நூலைக் கோத்து, இடது பக்க உள்மடிப்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில் எள்ளளவு ஒரு தையல் போட்டு முடிச்சிட்டாள். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் நஜர் தையல். கண் படாமல் இருப்பதற்காக. முப்பது வருடங்களில் அவள் தைத்த எந்தக் கல்யாண ரவிக்கையும், எந்தக் குழந்தையின் முதல் சட்டையும் அது இல்லாமல் ராயப்பேட்டையை விட்டுப் போனதில்லை. போட்டுக்கொள்கிறவள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாள் என்று அந்தக் கறுப்பு நூல் கேட்டதும் இல்லை.

மற்ற நூலுக்கெல்லாம் கத்தரிக்கோல். நஜர் தையலை மட்டும் கத்தரி தொடக்கூடாது, பல்லால் கடித்துத்தான் அறுக்க வேண்டும். நூலைப் பல்லில் வைத்தாள். அந்த நொடியில்தான் உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது.

போன மாதம், கோட்டூர்புரத்தில் அந்த வெள்ளை அறையில், நூலைக் கடிக்கப் போய் முகமூடி உதட்டில் இடித்ததே! "அட, முகமூடி போட்டிருக்கோமே" என்று தனக்குள் சிரித்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாளே! பல்லால் கடிக்கிற நூல் அவள் வாழ்க்கையில் ஒன்றுதானே உண்டு?

"யா அல்லா... அதுலயும் போட்டுட்டேனா?"

'அது' சாதாரணத் துணி இல்லை. ஒரு செயற்கைக்கோளின் போர்வை.

மூன்று வருடங்களுக்கு முன் தமிழ்நிலா என்கிற பெண் ஒரு டிஷ்யூ புடவைக்கு ரவிக்கை தைக்க வந்தாள். வழுக்குகிற துணி. தைத்ததைப் பிரித்தால் ஊசி ஓட்டை அப்படியே நிற்கும். அஸ்மத் ஓர் ஓட்டைகூட வீணாக்காமல் தைத்துக் கொடுத்தாள். தமிழ்நிலா ரவிக்கையைப் போட்டுப் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தையலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "அக்கா, வெங்காயத் தோல் மாதிரி ஒரு தகடு இருக்கு. இருபது அடுக்கு. தைப்பீங்களா?"

கோட்டூர்புரத்தில் சின்னச் சின்னச் செயற்கைக்கோள்கள் செய்யும் தனியார் கம்பெனி ஒன்றில் அவள் இன்ஜினியர். வானத்தில் வெயில் பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறையும். உள்ளே இருப்பது பிழைக்க வேண்டுமானால் பொன் நிறப் போர்வை வேண்டும். அதில் ஓர் ஓட்டை அதிகம் விழுந்தாலும் சூடு கசிந்துவிடும். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் தூசி படாத அந்த வெள்ளை அறையில் வேலை; தலைக்கு உறை, வாய்க்கு முகமூடி, கைக்கு உறை, கழுத்தில் பெயர் போட்ட அட்டை. 'பாயம்மா', 'ஜாக்கெட் தைக்கிற அம்மா' என்றே கூப்பிட்டுப் பழகிய உலகத்தில், முதன்முதலாக ஒரு வாட்ச்மேன் அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அன்றைக்குப் பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

பழகும் தகட்டில் தையல் தெரிய வேண்டும் என்று கறுப்புப் பருத்தி நூல். மேலே போகிற தகட்டுக்குக் கம்பெனி கொடுக்கும் வெள்ளை நூல். இரண்டு உருளையும் ஒரே தட்டில் இருந்தன. வேலை முடிந்த சந்தோஷத்தில் கை பாட்டுக்குக் கறுப்பை எடுத்திருக்கிறது.

கறுப்பு நூல் ஏன் மேலே போகக்கூடாது என்று தமிழ்நிலா முதல் நாளே சொல்லியிருந்தாள். காற்றே இல்லாத இடத்தில் சாதா நூலின் சாயமும் எண்ணெயும் ஆவியாகக் கிளம்பிக் கேமராவின் கண்ணாடியில் படியும். "கண்ணாடியில மூச்சு விட்ட மாதிரி ஆயிடும்க்கா. துடைக்க அங்க யாரும் இல்ல."

வயலையும் ஏரியையும் படமெடுக்கப் போகிற கேமரா அது. தமிழ்நிலாவின் ஐந்து வருட உழைப்பு. இப்போது ராக்கெட்டின் மூக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குக் கிளம்பப் போகிறது.

சாயங்காலம் கணவர் பீர் முஹம்மது வந்தார். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற மனிதர்.

"இன்னா அஸ்மத்து, ஊசிய முழுங்கின மாதிரி மூஞ்ச வச்சிக்கினு கீற?"

சொன்னாள். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ங்க."

"அதோட நிறுத்திக்க. தையல்காரம்மா மறந்து போட்டுட்டாங்கன்னா பேசுவானுங்க? ராயப்பேட்ட பாயம்மா ராக்கெட்டுக்குத் தாயத்து கட்டிடுச்சுன்னு பேசுவானுங்க. அடுத்த மாசம் ரூபீனாவையும் அங்க வேலைக்கு எடுத்துக்கறேன்னு சொல்லிக்கீறாங்க. புள்ள வாழ்க்கையில மண்ணப் போடாத."

மகளின் பெயரைக் கேட்டதும் அஸ்மத் வாயை மூடிக்கொண்டாள். வாய்தான் மூடியது. மனசு?

ஞாயிற்றுக்கிழமை தெருவே மொட்டை மாடியில் நின்றது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா பக்கம் எல்லாக் கண்களும். ரூபீனாவின் போனில் நேரடி ஒளிபரப்பு. கீழ் வீட்டு தேவானை, இட்லிக்கடையைப் பாதியில் போட்டுவிட்டு மேலே வந்திருந்தாள். ஒன்பது மணிக்கு அறிவிப்பு வந்தது: மேல் வானத்தில் காற்று அதிகம். செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவைப்பு.

அஸ்மத்துக்கு முதலில் மூச்சு வந்தது. இரண்டு நாள் கிடைத்தது! இரண்டு நாள் எதற்கு? சொல்வதற்கா, மறைப்பதற்கா?

செவ்வாய்க்கிழமை மழை. வியாழக்கிழமைக்குப் போயிற்று. நடுவில் தமிழ்நிலா ஏவுதளத்திலிருந்து போன் செய்தாள். "இங்க ஒரே டென்ஷன்க்கா. தூக்கமே இல்ல. உங்க போர்வையப் பத்தி மட்டும்தான் எனக்குக் கவலையே இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அஸ்மத்தின் நெஞ்சில் கத்தியாக இறங்கியது. "நிலாம்மா..." என்று தொடங்கினாள். "சொல்லுங்க." "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

தொழுகையில் எத்தனை முறை குனிந்து எழுந்தோம், எத்தனை ரக்அத் ஆயிற்று என்று மறந்தது. தி. நகர் வாடிக்கையாளரின் ரவிக்கையில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டினாள். மாடிப்படி ஏறுவாள், எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்குவாள்.

"இன்னா அஸ்மத்து," என்று தேவானை கீழேயிருந்து குரல் கொடுத்தாள், "உன் ஜாக்கெட்டு இன்னும் ஊர விட்டே கிளம்பலியாமே! அளவு சரியில்லையா?"

தெரு சிரித்தது. அஸ்மத்துக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

வியாழக்கிழமை, கிளம்ப மூன்று நிமிடம் நாற்பது வினாடி இருக்கும்போது எண்ணிக்கை நின்றது. ஏதோ ஒரு வால்வில் கசிவு. ராக்கெட்டைத் திரும்பக் கொட்டகைக்கு இழுத்துப் போகிறார்கள், பத்து நாள் ஆகும் என்றது செய்தி. தமிழ்நிலாவும் கோட்டூர்புரத்துக்குத் திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அஸ்மத் பர்தாவை எடுத்து மாட்டினாள்.

"எங்க?" என்றார் பீர் முஹம்மது.

"சொல்லப் போறேன். மூணு வாட்டி நிறுத்தி வச்சு எனக்கு நேரம் குடுத்தாச்சு. நாலாவது வாட்டியும் குடுப்பாங்கன்னு நான் உட்கார்ந்திருந்தா நான் மனுஷியா?"

"ரூபீனா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். அவர் ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். இருவரும் கோட்டூர்புரத்துக்குக் கிளம்பினார்கள்.

தமிழ்நிலா முழுவதையும் கேட்டாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"ஏன்க்கா ஒரு வாரமா சொல்லல?"

"பயம்மா."

"நான் உங்கள நம்பி பரிசோதனைத் தாள்ல கையெழுத்துப் போட்டேன்க்கா." எழுந்து கம்பெனித் தலைவர் ஸ்ரீநாத்தின் அறைக்கு ஓடினாள்.

ஒரு மணி நேரம் கழித்து அஸ்மத்தைக் கூப்பிட்டார்கள். ஸ்ரீநாத் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ராக்கெட் கம்பெனியிடம் கெஞ்சியிருக்கிறார். மூக்குக் கூட்டில் கை நுழைகிற அளவு இரண்டு சின்னக் கதவுகள் உண்டு, பக்கத்துக்கு ஒன்று. தூசி உள்ளே போய்விடும் என்பதால் ஒன்றைத்தான் திறக்க அனுமதி. அதுவும் அரை மணி நேரம்.

"எந்தப் பக்கம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தப்பான கதவைத் திறந்தா அவ்வளவுதான்."

"இடது பக்கம் சார். நான் எப்பவும் இடதுதான்."

தமிழ்நிலா படத்தை விரித்து இடது ஓரத்தில் விரல் வைத்தாள். "கேமராவை ஒட்டியே! கடவுளே..." கதவின் எண்ணைச் சொல்லப் போனை எடுத்துவிட்டாள்.

"இருங்க, இருங்க!" அஸ்மத் எழுந்தேவிட்டாள். "இது யாரோட இடது?"

"என்னக்கா கேக்கறீங்க?"

"இது பாக்கறவங்க இடது. தையக்காரிக்கு அது கிடையாது நிலாம்மா. போட்டுக்கறவங்க இடதுதான் இடது. ஜாக்கெட்டு மேஜையில மலந்து கிடந்தா, போட்டுக்கறவங்க இடது எனக்கு வலப் பக்கம். நான் இதையும் யாரோ உடுத்திக்கப் போறாங்கன்னு நினைச்சுத்தான் தைச்சேன்."

தமிழ்நிலாவின் விரல் படத்தின் மறு ஓரத்துக்குப் போயிற்று.

"நிச்சயமா?" என்றார் ஸ்ரீநாத்.

"என் மக மேல சத்தியம்."

மறுநாள் பதினோரு மணிக்கு அந்தக் கதவு திறந்தது. ஏவுதளத்தில் இருந்த அவர்களுடைய ஆள் ராஜரத்தினம் கையை உள்ளே விட்டார். இங்கே மேஜையில் ஸ்பீக்கர் போன். அதன் முன்னே அஸ்மத், ஈரக் கைகளை முந்தானையில் துடைத்துத் துடைத்து.

"கீழ் ஓரத்திலிருந்து நாலு விரல் மேல, சார்."

"யாரு விரல்மா? என் விரல் வாழப்பழ சைஸ்."

"அப்ப மூணு."

தகடு சரசரக்கும் சத்தம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"இல்லையேம்மா. ஒண்ணும் தட்டுப்படல."

ஸ்ரீநாத் கண்ணை மூடிக்கொண்டார். அஸ்மத் தன் இரு கைகளையும் காற்றில் தூக்கி, இல்லாத துணியை மடித்துப் பார்த்தாள். ஒரு மடிப்பு. இல்லை... அன்றைக்கு ஓரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

"சார், ஒரு மடிப்பு இல்ல, ரெண்டு. உள் மடிப்பையும் புரட்டுங்க. மெதுவா."

மறுபடியும் சரசரப்பு. பிறகு, "அட... கறுப்பா, எள்ளு மாதிரி ஒண்ணு. இதுவா? இழுத்துடவா?"

"இழுக்காதீங்க! தகடு கிழிஞ்சிடும். முடிச்சுக்கு அடியில கத்தரியால வெட்டுங்க. அப்புறம் நூல் தானா வந்துடும்."

முப்பது வருடங்களாக, முகமூடி போட்ட அந்த ஒரு நாள் தவிர, கத்தரி படவிடாத தையல். அதை வெட்டச் சொல்ல அவள் குரல் நடுங்கவில்லை. வெட்டி எடுத்தாயிற்று என்று ராஜரத்தினம் சொன்ன பிறகுதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தமிழ்நிலா அவள் தோளைத் தொட்டாள். ஸ்ரீநாத் வாசல்வரை வந்தார். "நீங்க சொன்னது பெரிய விஷயம்மா. ஆனா இதை விசாரிச்சு முடிவு பண்றவரைக்கும் உள்ள வர வேண்டாம். அட்டையைக் கொடுத்துட்டுப் போங்க. உங்க பொண்ணு விஷயமும் அதுவரைக்கும் நிக்கட்டும்."

அட்டையைக் கழற்றும்போது முடியில் சிக்கிக்கொண்டது. பீர் முஹம்மதுதான் எடுத்துவிட்டார். வழியில் "நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. ரூபீனா மட்டும் இரண்டு நாள் அம்மாவிடம் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், "எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே உன்னை இட்டுக்கினு போயிருப்பேன்மா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கசிவு சரியாகி, அதற்கடுத்த வாரம் புதன்கிழமை காலை ராக்கெட் கிளம்பியது. வடக்கு வானத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி, அதன் பின்னால் வெள்ளைக் கோடு. "போயிடுச்சு டோய், ஜாக்கெட்டு போயிடுச்சு!" என்று தேவானை குதித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அஸ்மத் தட்டவில்லை. பதினேழாவது நிமிடத்தில் செயற்கைக்கோள் பிரிந்தது, மதியம் சிக்னல் வந்தது. எல்லாவற்றையும் செய்தியில்தான் கேட்டாள். கேமரா கண் திறக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். போன் எங்கே அடித்தாலும் ஓடினாள்.

பதினோராம் நாள் காலை அடித்தது.

"அக்கா, படம் வந்துடுச்சு." தமிழ்நிலா அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ஒரு ஏரி. சுத்தி வயல். வரப்பு வரப்பா தெரியுது. கண்ணாடி மாதிரி இருக்குக்கா."

அஸ்மத் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"வேலை விஷயம்... சார் இன்னும் ஒண்ணும் சொல்லலக்கா. நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அத விடுங்க நிலாம்மா. படத்துல புகை மாதிரி ஏதாச்சும் தெரியுதா?"

"இல்லக்கா."

"ஓரத்துல?"

"ஓரத்துலயும் இல்ல."

"நல்லா பாத்தீங்களா? நாலு ஓரமும்?"

"இருங்க," என்றாள் தமிழ்நிலா. "லைன்லயே இருங்க. இன்னொரு தடவை பாத்துச் சொல்றேன்."

அஸ்மத்துன்னிசா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.