ஒன்பதாம் போர்ட்டின் கோடு

எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கிறவரை நெட்டு சார் என்போம். மாடிப்படிக்கு அடியில் சன்னல் இல்லாத ஓர் அறை. அதில் ஓர் ஏசி, இரண்டு திரைகள், அவர். நெட் போனால்தான் அப்படி ஒருவர் இருப்பதே எங்களுக்கு ஞாபகம் வரும். மற்ற நாளில் ஒரு ஈ காக்கா அந்தப் பக்கம் போகாது. மனைவி இறந்து, மகனும் வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகு வீட்டிலும் அவருக்கு அதே கதைதான்.

கணினிகளின் கேபிள்களையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர்; அலுவலகத்தில் அது இரண்டு வகை உண்டு. புதியவை, கேபிள் செருகும் எந்தத் துளையில், அதாவது போர்ட்டில், எவ்வளவு தகவல் ஓடுகிறது என்று அவர் திரையில் தனித்தனிக் கோடாகக் காட்டிவிடும். பழையவை வாயே திறக்காது, ஊமை என்பார். எங்கள் கோப்பறைக்கு வாய்த்தது ஊமை. ஆறு கணினிகள் அதில் தொங்கின. அவருக்குத் தெரிந்ததோ மொத்தத்துக்கும் ஒரே கோடு.

அந்தக் கோடு ஒருநாள் எகிறியது. மேலாளர் தாம்தூம் என்று குதித்தார். "வேலை நேரத்துல யாரோ படம் பாக்கறாங்க. ஆளக் கண்டுபிடிச்சு லைன வெட்டுங்க."

ஊமையிடம் கேட்டு என்ன பயன்? அவரே மடிக்கணினியோடு வந்து ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்தார். என்னுடையதைப் பிடுங்கியபோது பாதி அடித்த கடிதம் காணாமல் போயிற்று. வாய்க்குள் திட்டித் தீர்த்தேன். பக்கத்து மேசை அக்காவுடையதைப் பிடுங்கியதும் கோடு பொத்தென்று விழுந்தது.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. அவள் திரையின் மூலையில் சின்னச் சதுரம். அதில் ஒரு கட்டில், கட்டிலில் அவள் அம்மா.

"வீட்ல கேமரா வச்சிருக்கேன் சார். அம்மாகூட வேற யாரும் இல்ல. ஒருதடவ தானா எழுந்து விழுந்து இடுப்பு உடைஞ்சுபோச்சு. எழுந்திரிக்கப் பாத்தா பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணுவேன். இத வெட்டினா நான் வேலைய விட்டுட்டுப் போகவேண்டியதுதான்."

நெட்டு சார் தலையைச் சொறிந்தார். "படம் கொஞ்சம் மங்கலா இருந்தா பரவாயில்லையாம்மா?"

மறுநாளே அவளுக்கு மட்டும் புது சுவிட்சின் ஒன்பதாம் போர்ட்டிலிருந்து தனிக் கேபிள் இழுத்து, வேகத்தைக் குறைத்து வைத்தார். மேலாளரிடம் "சரி பண்ணியாச்சு" என்றார். மனுஷன் பொய் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கோடுதான் அவருக்குத் துணை. கேமரா முன் அசைவு கூடினால் வருகிற தகவலும் கூடுமாம். அந்த அம்மா தூங்கினால் கோடு படுத்திருக்கும், புரண்டால் மேடு தட்டும். படம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அறையிலிருந்து போன் போடுவார்: "அம்மா எழுந்திரிக்கறாங்க போல, பாரும்மா." ஒருதடவை அக்கா இடத்தில் இல்லை, நான்தான் எடுத்தேன். பார்த்தால் அந்த அம்மா ஒரு காலைத் தரையில் வைத்தாயிற்று. உடனே பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். அந்த வீட்டுக்காரி ஓடிவந்து பிடித்தாள், தப்பித்தோம்.

"இன்னிக்கு அம்மா நல்லா தூங்கினாங்க இல்ல?" என்று சாயங்காலம் படியருகே நின்று கேட்பார். அக்கா தலையாட்டிவிட்டு பஸ்சுக்கு ஓடுவாள். அவர் வேறு யாரிடமும் நின்று பேசி நான் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்த அம்மா போய்விட்டாள். அலுவலகத்தின் போன் குழுவில் செய்தி வந்தது. மேலாளர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் துக்கத்துக்குப் போனோம். நெட்டு சார் அந்தக் குழுவில் இல்லை. அவரைக் கூப்பிட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அக்கா விடுப்பு முடிந்து வந்து கணினியைப் போட்ட கொஞ்ச நேரத்தில், கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரோடு நெட்டு சார் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"லீவுல போயிருந்தியாம்மா? மெஷின் ஓடுது, அம்மா கோடு மட்டும் வரல. கேபிள்ல எங்கயோ கோளாறு. பயப்படாத, இப்பவே பாத்துடறேன்."

சொல்லிக்கொண்டே மேசைக்கடியில் புகுந்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்.

"சார், அம்மா போன வாரமே தவறிட்டாங்க."

அடியில் டெஸ்டரின் சத்தம் நின்றது.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா சார்?"

நான் குனிந்து பார்த்தேன். கேபிளைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"கேபிள் நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். வெளியே வரவில்லை.