ரிஸ்பர் போய் உட்காரும் வீடுகள்

மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சைத் திணித்து, காதருகே குலுக்கிப் பார்க்கிறாள் ரிஸ்பர். சத்தம் இல்லை. விக்டோரியா ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மருந்து வாங்கிக்கொண்டு வேன் ஏறப்போகிறவர்களுக்கு அவள் செய்துதரும் உபகாரம் இது. "கலகலன்னு சத்தம் வந்தா டிரைவர்லேருந்து ஆட்டுக்குட்டி வரைக்கும் திரும்பிப் பாக்கும்" என்பாள். அவள் வீட்டுத் தலையணைகளில் ஒன்று இப்போது வெறும் உறையாக இருக்கிறது.

வயது ஐம்பத்திரண்டு. அதே மாத்திரையைப் பத்தொன்பது வருடமாக அவளும் விழுங்குகிறாள். தொழில், ஓமெனா என்கிற பொடிமீனை உலர்த்தி விற்பது. மருந்தை நிறுத்தியவர்களைத் தேடிப் போகும்போதும் மீன் பேசின் தலையில் இருக்கும். போனதும் உட்காருவாள். புத்தி சொல்லமாட்டாள். அவர்களாக வாய் திறக்கும்வரை உட்காருவது மட்டும்தான். இரண்டு நாளுக்குமேல் யாரும் தாங்கியதில்லை.

படகுக்காரன் ஓக்கெச் தாங்கினான். கல்யாணமாகி மூன்று மாதம். புது மனைவிக்குத் தெரிந்துவிடும் என்று மாத்திரையை நிறுத்தியிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ரிஸ்பரைக் கண்டால் வலை தைக்கிறேன் என்று உள்ளே போய்விடுவான். மூன்றாம் நாளும் அவள் வாசலில் உட்கார்ந்ததும் மனைவி லாவெண்டருக்குப் பொறுக்கவில்லை.

"மீன் வேணாம்னு சொல்லியாச்சு. அப்புறம் என்ன உக்காந்திருக்கே?"

"கால் வலிக்குது தாயி."

"மூணு நாளா என் வாசல்ல மட்டுந்தான் வலிக்குமா? என் புருஷனுக்கு நீ யாரு? இந்த வயசுல வெக்கமா இல்ல?"

பக்கத்து வீட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தவள் பிழிவதை நிறுத்தினாள். ரிஸ்பர் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மைக் காரணத்தைச் சொல்லவேண்டும். அது ஓக்கெச் சொல்லவேண்டியது. இப்படி ஒன்பது வீடுகளில் அவளுக்குக் கள்ளக்காதலி பட்டம் கிடைத்திருக்கிறது. "என் வீட்டுக்காரர் இருந்திருந்தா பெருமைப்பட்டிருப்பாரு" என்று சிரிக்காமல் சொல்வாள்.

லாவெண்டர் பேசினை எட்டி உதைத்தாள். மீன் மண்ணில் கொட்டியது. ரிஸ்பர் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.

ஓக்கெச் வெளியே வந்துவிட்டான். "அக்காவைத் திட்டாதே. உள்ள வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதலில் அவன் குரல் கேட்டது. பிறகு ஒரு தட்டு உடைந்தது, அழுகை. ரிஸ்பர் மீனில் ஒட்டிய மண்ணை ஊதிக்கொண்டிருந்தாள்.

உச்சிவெயிலில் லாவெண்டர் தனியாக வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"எனக்கும் வந்திருக்குமா?"

"தெரியாது தாயி. நாளைக்குப் பரிசோதனைக்கு நான் கூட வர்றேன். வந்திருந்தா, என்னைப் பாரு, பத்தொம்பது வருஷமா நல்லாத்தான் இருக்கேன். வரலேன்னா, வராமப் பாத்துக்கவும் மருந்திருக்கு."

"இந்த ஆளை விட்டுட்டுப் போயிடலாம்னு இருக்கு."

"போகலாம். பரிசோதனை முடிச்சிட்டுப் போ."

லாவெண்டர் பக்கத்து வீட்டைப் பார்த்தாள். அங்கே அந்தப் பெண்ணின் கையில் இன்னும் அதே துணி. உள்ளே போய், வீட்டில் சாப்பிடப்போகிற விருந்தாளிக்குக் கையில் நீர் ஊற்றும் செம்பையும் தட்டத்தையும் எடுத்துவந்து நின்றாள்.

ரிஸ்பர் மீன் நாறும் கைகள் இரண்டையும் நீட்டினாள்.