நான் கீறிக் கொடுத்த வீடு

எங்கள் ஊரில் பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் எப்போதும் ஏதோ ஒரு கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவார். அந்த வீட்டைப் பெண்ணின் வாப்பாதான் கட்டிக் கொடுக்க வேண்டும். எனக்கு இருபத்தொன்பது வயது நடந்தபோது என் வாப்பா சாகாமத்து வயலில் பாதியை விற்றுவிட்டு வந்து, "ஒனக்குத்தானே மகள் ஊடு. எப்பிடி வேணுமெண்டு நீயே செல்லு" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பதினாறு வயதில் என் உதட்டோரத்தில் தொடங்கிய வெண்படை அதற்குள் கன்னம் வரைக்கும் வந்திருந்தது. பேசி வந்த கல்யாணங்கள் எல்லாம் அதோடு நின்றுபோயின. கல்வீடு ஒன்று இருந்தால் யாராவது வருவார்கள் என்று வாப்பா நம்பினார். நானும் நம்பினேன்.

கொப்பித் தாளில் வீட்டுப் படத்தை நானே கீறினேன். கடல் பக்கம் பார்த்த ஹோல். வெயில் தாங்குவதற்கு ஓட்டுக் கூரை. முன்னால் ஆண்கள் வந்து இருந்தால் பெண்கள் அவர்களைக் கடக்காமல் உள்ளே போவதற்குப் பக்கத்தில் ஒரு தனி வாசல். கக்கூசு, தொழும் திசையான கிப்லாவைப் பார்க்காமல் திருப்பி வைத்தேன். உம்மா வாப்பாவுக்கு வெளிச்சமான ஓர் அறை. குசினியில் இரண்டு யன்னல். வீட்டுப் படம் கீறித் தருபவர் என் தாளைப் பார்த்துவிட்டு, "டீச்சர், எனக்கு இதில வேலையே இல்ல" என்று சிரித்தார். அன்று நான் நடந்து வராமல் பறந்துதான் வந்தேன்.

யன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பியிருந்த நேரத்தில் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாய், இரண்டு மகள்மாரோடு வீட்டைப் பார்க்க வந்தார். படம் எனக்குத்தான் விளங்கும் என்று உம்மா என்னையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொன்னார். சீமெந்துத் தூசிக்குள் ஒவ்வோர் அறையாகக் காட்டினேன். அந்த அம்மா சுவரைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இது எப்ப வந்த?"

"பதினாறு வயசில, மாமி."

"இப்பவே மாமி எண்டு கூப்பிடத் தேவல்ல புள்ள."

அவருடைய மகள்மார் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவர் உம்மாவிடம் திரும்பி, நான் அங்கே இல்லாததுபோல, "தொத்துமா?" என்று கேட்டார்.

"இல்ல, தொத்தாது எண்டுதான் டொக்டர்மார் செல்றாங்க" என்றார் உம்மா.

தேநீர்த் தட்டோடு என் தங்கை வந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. அந்த அம்மா அவளைப் பக்கத்தில் இருத்தி, கையைப் பிடித்து, என்ன படித்தாய் என்று கேட்டார். மூன்றாம் நாள் தரகர் பதில் கொண்டுவந்தார். வீடு பிடித்திருக்கிறது, பெண் இளையவள் என்றால் சரி.

வாப்பா மஃரிப் தொழுதுவிட்டு வந்து தொப்பியை மடித்து வைத்தார். பிறகு, "ரெண்டு பேரும் என்ட புள்ளைகள்தானே" என்றார். அவ்வளவுதான். நான் தங்கையின் அறைக்குப் போய், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். அவள் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீவுவதை நிறுத்தவில்லை.

"நான் வேணாமெண்டு சென்னா, அவங்க ஒன்ன எடுப்பாங்களா ராத்தா?"

கீழே விழுந்து கிடந்த அவளுடைய ரிப்பனை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு வேறு விருப்பங்களும் இருந்தன. ஓட்டுக் கூரை பழைய மோஸ்தராம். முகப்பு பெட்டி மாதிரிச் சதுரமாக, தட்டைக் கொங்கிரீட்டோடு, கறுப்புக் கிறில் வைத்து இருக்க வேண்டும் என்று போனில் படம் அனுப்பினார்கள். பெண்களின் பக்க வாசல் தேவையில்லை. கடைசியாக ஒன்று: மூத்தவள் அந்த வளவில் இருப்பதென்றால் அவளுடைய பகுதிக்கும் வீட்டுக்கும் இடையில் சுவர் வேண்டும். கதவு இருக்கக் கூடாது. நாளைக்குப் பிள்ளைகள் ஓடித் திரியும்.

"தனியா இருந்தா ஒனக்கும் வசதிதானே புள்ள" என்றார் உம்மா.

படத்தை மாற்றவும் வாப்பாவும் தங்கையும் என்னையே கூட்டிப்போனார்கள். வாப்பாவுக்கு அதை விளங்கப்படுத்தத் தெரியாது. படம் கீறுபவர் கணினியைத் திறந்து, வாப்பா சொல்வதை நான் விளங்கப்படுத்த, ஒவ்வொன்றாக அழித்தார். ஓட்டுக் கூரை போனது. பக்க வாசல் போனது. குசினிக்குப் பின்னால், மதிலோடு ஒட்டி, ஒற்றை யன்னலில் எனக்கென்று ஒரு சிறிய சதுரம் வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"இந்த அறைக்கு என்ன பேர் போட?"

வாப்பா கதவுப் பக்கம் பார்த்தார். தங்கைதான் சொன்னாள்: "ஸ்டோர் எண்டே போடுங்க. மாமி படத்தப் பாத்தா மறுகா கேள்வி கேப்பா."

அவர் அப்படியே எழுதினார்.

குசினியிலிருந்து பின்பக்கம் போக மேசன்மார் பழைய படத்தின்படி ஏற்கெனவே ஒரு கதவு நிலை வைத்திருந்தார்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நிலையைக் கழற்றிக் கல் வைத்து அடைத்து, பூச்சும் பூசியிருந்தது. என் உடுப்புகளையும் புத்தகங்களையும் உம்மா ஏற்கெனவே பின்னால் அந்த அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டிருந்தார். ஈரச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கத்தில் தங்கை யாரிடமோ திரைச்சீலைக்கு நிறம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று என்னை முன்னால் வர வேண்டாம் என்றார்கள். உம்மா வெளியால் சுற்றி வந்து எனக்கொரு தட்டுப் புரியாணி தந்துவிட்டு அவசரமாகப் போனார். பின்னால் இருந்துகொண்டு சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன்.

தங்கைக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுடைய முகத்தை மதிலோரம் எட்டி நின்றுதான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்களுக்குப் படிக்க அறை வேண்டியிருந்தது. உம்மா வாப்பாவின் அறைதான் வெளிச்சம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இருவரும் தலையணையும் பாயுமாக என் வாசலில் வந்து நின்றார்கள்.

"மூணு பேருக்கு இதில கால் நீட்ட ஏலாதே புள்ள" என்றார் உம்மா.

"இது ஸ்டோர்தானே உம்மா. ஆக்களுக்குக் கட்டினதில்ல" என்றேன்.

அவருடைய முகம் சுருங்கிப்போனது. எனக்கு அது நன்றாக இருந்தது. பிறகு கட்டிலை வாப்பாவுக்கு விட்டுவிட்டு நான் கீழே படுத்தேன்.

வாப்பா அந்தக் கட்டிலில்தான் மௌத்தானார். சுபஹுத் தொழுகைக்கு எழுப்பினேன், எழும்பவில்லை. ஜனாஸாவை முன்னால் கொண்டுபோகச் சந்தூக்குப் பெட்டி வந்தது. வீட்டுக்கும் மதிலுக்கும் இடையிலிருந்த ஓடை போன்ற வழியில் அது திரும்பவில்லை. தங்கையின் கணவர் சுவரில் பூட்டியிருந்த ஏசியின் வெளிப்பெட்டி வேறு அங்கே நீட்டிக்கொண்டிருந்தது. சரித்துப் பார்த்தார்கள். நிமிர்த்திப் பார்த்தார்கள். கடைசியில் கட்டில் விரிப்போடு வாப்பாவைத் தூக்கிக்கொண்டு, ஆட்கள் பக்கவாட்டாக நடந்து போனார்கள். அவருடைய முழங்கை மதிலில் உரசிக்கொண்டு போனது. யாரும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை. எல்லோருடைய கையிலும் பாரம் இருந்தது.

பெண்கள் இருந்த உள் ஹோலில் தங்கையின் மாமிதான் எல்லோரையும் விடச் சத்தமாக அழுதார். "எப்பிடியாப்பட்ட ஊடு கட்டித் தந்த மனிசன்!" என்றார்.

வாப்பாவுக்காக உம்மா நாலு மாதம் உள்ளேயே இருந்த இத்தா முடிந்த வாரம் தங்கை முதல் தடவையாக என் அறைக்குள் வந்து கட்டிலில் இருந்தாள். மேல்மாடி எடுக்கப் போகிறார்களாம். படிக்கட்டு இந்த இடத்தால்தான் ஏற வேண்டுமாம்.

"நீ உம்மாவக் கூட்டிட்டு எங்கயாச்சும் வாடகைக்கி இரி ராத்தா. ஒனக்குச் சம்பளம் வருதுதானே."

வீட்டு உறுதிப் பத்திரம் அவளுடைய பெயரில். நான் வாதாடவில்லை. படம் இருந்தால் காட்டு என்றேன். போனில் காட்டினாள். படி திரும்பும் இடத்தில் மேலே உத்திரம் தாழ்ந்து வந்தது. உயரமான ஆள் ஏறினால் நெற்றி அதில் போய் முட்டும். படம் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு பார்வையில் தெரியும்.

"எப்பிடி?" என்று கேட்டாள்.

"நல்லாரிக்கி" என்றேன்.

இப்போது உம்மாவும் நானும் பாலமுனையில் வாடகைக்கு இருக்கிறோம். போன மாதம் தங்கையின் கணவருக்கு நெற்றியில் தையல் போட்டதாகச் செய்தி வந்தது. உம்மா அழுதுகொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் வராததுமாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணை மதிலோரம் கூப்பிட்டு, மேல்மாடியில் மாபிள் பதித்த விதத்தையும் அங்கே அடிக்கும் கடற்காற்றையும் சொல்லத் தொடங்கினார்.

"அப்ப நீங்க ஏன் அங்க இரிக்கல்ல?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"மூத்தவளுக்கு ஒரு துணை வேணுமே" என்றார் உம்மா. "அவளுக்கு ஆரு இரிக்காங்க."

நான் உள்ளே கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினேன்.