எறும்புத் தண்ணி

கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், பால் உறைய வைக்கும் ஸ்டோரில் நானும் ஓர் அக்காவும் சேர்ந்து வேலை செய்தோம். எனக்குக் கல்யாணம் ஆகாத காலம். காட்டிலிருந்து வரும் ரப்பர் பாலை வடிகட்டித் தொட்டியில் ஊற்றுவது என் வேலை. அதில் ஃபார்மிக் ஆசிட் கலப்பது அக்கா. பெரிய கண்ணாடி ஜாடியில் வரும். மூடியைத் திறந்தாலே மூக்கில் ஊசி ஏறும். முசுறு எறும்பு கடித்தால் எரிவது இதே ஆசிடால்தான் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து எங்களுக்கு அது எறும்புத் தண்ணி.

ஒருமுறை ஜாடியைச் சாய்க்கையில் நான் இடித்துவிட்டேன். ஆசிட் என் கையில் தெறித்தது. அக்கா என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், கையை விடாமல் தண்ணீரில் பிடித்துக்கொண்டாள்.

"எரியுதா?"

"எரியுது அக்கா."

"எரியட்டும். கையை எடுக்காதே."

அவள் ரவிக்கை, சேலை எல்லாம் நனைந்து போயிருந்தது. எனக்குத் தாய் இல்லை. அப்படி யாரும் என் கையைப் பிடித்து நின்றதில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தொட்டிகள் பாதி காலியாகக் கிடந்தன. வேலையில்லாத ஆட்களை அவரவர் ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பத் தொடங்கினார்கள். அக்காவின் புருஷனுக்கும் சொல்லிவிட்டார்கள். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அக்காவோ இந்தத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே பிறந்தவள்.

"ஊருக்குத் திருப்பி அனுப்புறாங்களாம்," என்றாள் என்னிடம். "நான் எங்கேயிருந்து வந்தேன், திரும்பிப் போறதுக்கு?"

துறைமுகம்வரை கூடப் போனேன். மூட்டைமேல் உட்கார்ந்து புருஷனைக் கேட்டாள்: "அங்கே பால்மரம் இருக்குமா?"

"வயல்தான். நெல்லு."

கப்பலுக்குப் போகும் படகில் ஏறும்முன் அக்கா என் கையை எடுத்து, தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள். "ஆறிடுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

சில வருஷம் கழித்து ரயில்வேக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்கு வந்தேன். கப்பலில் புதிதாக வந்தவர்கள் யாரைக் கண்டாலும் விசாரிப்பேன்: தஞ்சாவூர்ப் பக்கம், மலாய் கலந்து பேசுகிற ஒரு பெண்ணைப் பார்த்தீர்களா? சிலர் சிரிப்பார்கள். ஒருவர் மட்டும் நின்று யோசித்துவிட்டு, "எந்தக் கிராமம்மா?" என்றார்.

நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் அன்று அது தெரிந்திருக்காது.